மாட்டுக்கொட்டகை மாடத்துத் தபால்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நித்யா என்று பெயர், வக்கீலுக்குப் படித்தவள். நாங்கள் சைக்கிளில் சுற்றிய கிராமங்களை அவள் இப்போது ஸ்கூட்டரில் சுற்றுகிறாள். எந்தக் கோயிலில் யாரை உள்ளே விடவில்லை, எந்தக் கடையில் யாருக்கு முடி வெட்டவில்லை என்று தகவல் வந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். விசாரித்து எழுத வேண்டும், மனு கொடுக்க வேண்டும், ஒரு முடிவு வரும்வரை அந்த மக்களோடு கூடவே நிற்க வேண்டும். அன்றைக்கும் இதுதான் வேலை, இன்றைக்கும் இதுதான். அவள் கையில் போன் இருக்கிறது, இரண்டு நிமிடம் படம் பிடித்துவிடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அய்யா, போன் இல்லாத காலத்துல ஆதாரம் எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"தபால் கார்டுல" என்றேன்.

அவள் நம்பவில்லை. கிழவன் விளையாடுகிறான் என்று நினைத்திருப்பாள். முழுசாக எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டையும் வைத்துவிட்டுப் போனாள். அதில்தான் இதை எழுதுகிறேன்.

நான் உத்திரமேரூர்க்காரன், பெயர் ராயப்பன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். அந்தக் கோயிலுக்குள்ளும் எங்களுக்கென்று ஒரு பக்கம் தனியாக இருந்தது. அதனால் இந்த விஷயத்தில் யாருடைய சாமியையும் நான் குறை சொல்வதும் இல்லை, தூக்கிப் பிடிப்பதும் இல்லை. எழுபதுகளின் பின்பாதியில் இந்த வேலையைச் செய்துவந்த சங்கத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் அலுவலகம்.

பயிற்சி பத்து நாள். சட்டம், பிரிவு என்று நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள், பாதி அப்போதே மறந்துவிட்டது. மறக்காமல் ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். சேரியில் யாரைப் பார்த்தாலும், ஆறு வயதானாலும் அறுபது வயதானாலும், 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும், பெயரைச் சொன்னால் மரியாதையோடுதான் சொல்ல வேண்டும். தலை நரைத்த மனிதரை ஊர்த் தெருவில் பத்து வயதுப் பையன் 'டேய்' என்று கூப்பிடுகிற காலம் அது. பத்து நாளும் எங்களுக்குள்ளேயே அப்படிப் பேசிப் பழகினோம். நாக்கு ஒரேயடியாகப் பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து என் தங்கச்சியைப் பார்த்து 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டேன். பயிற்சிக்குப் போய்ப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அம்மா பயந்துவிட்டாள்.

எங்கள் செயலாளர் வரதராஜன். எல்லாருக்கும் அவர் 'செகரட்ரி'. தாமல் பக்கம் ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். ஓடுகிற ரயிலில் தபால் பிரிக்கிற வேலையில் இருந்து, நின்று நின்று முழங்கால் தேய்ந்து, விலகி வந்தவர். சேரியில் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள் என்பதால் அவருடைய அண்ணன் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு வைத்திருந்தார்கள். "ராயப்பா, எங்க வூட்டுல எனக்கும் தனித் தட்டுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவருக்கு எவ்வளவு வலித்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவருடைய தோரணையே தனி. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த ஒரு மர அலமாரி அடித்து வைத்திருந்தார். வருகிற காகிதம் எதுவானாலும் ஒரு பார்வை பார்ப்பார், கையைச் சுண்டுவார், அது சரியான அறைக்குள் போய் விழும். நாங்கள் கிராமத்துக்குப் போய்விட்டுப் படபடப்போடு வந்து நிற்போம். அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "தேதி இன்னா?" அடுத்தது, யார் நேரில் பார்த்தது என்பது. இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், "போய் டீ குட்ச்சிட்டு மறுபடி அந்த ஊருக்கு பஸ் ஏறு" என்பார். என் அறிக்கைகளில் 'அக்கிரமம்', 'கொடுமை' என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

"அக்கிரமம்னு நீ சொல்லாத. படிக்கிறவன் சொல்லணும்."

அந்தச் சிவப்பு மைமேல் எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும். இன்றைக்கு நான் இந்தப் பக்கத்தை எழுதும்போதும் அந்தச் சொல் வருகிற இடத்தில் பேனா தானாக நின்றுவிடுகிறது.

இனி சகுந்தலாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாகறலைத் தாண்டி, செய்யாற்றை ஒட்டிய ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டிக் கால் மைல் வரப்பில் நடந்தால் சேரி. அந்தச் சேரியில் பெரிய பரீட்சை பாஸ் செய்த முதல் பெண் சகுந்தலா. உத்திரமேரூருக்கு நடையும் பஸ்ஸுமாக வந்து டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து வைத்திருந்தாள். அப்பா எட்டியப்பன் ஏர் ஓட்டுகிறவர். அம்மா இல்லை.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு கார்டு. நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கார்டு. தேர்வு நடக்க வேண்டிய நாள் தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நேத்துதான் சார் என் கைக்கு வந்துது. ஓடிப்போயி கேட்டேன். இன்னொரு தபா கூப்புடுவோம், அதுக்கும் வரலன்னா பேர எடுத்துடுவோம்னு சொல்ட்டாங்க."

செகரட்ரி கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு கார்டில் இரண்டு முத்திரை விழும். ஒன்று தபாலில் சேர்த்த இடத்தில் விழும், இன்னொன்று அது போய்ச் சேர்ந்த ஊர் போஸ்டாபீசில் விழும். இரண்டிலும் தேதி இருக்கும். கார்டு அந்த ஊருக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. போஸ்டாபீசுக்கும் சகுந்தலாவின் வீட்டுக்கும் நடுவில் இருந்த கால் மைலைக் கடக்க அதற்கு ஒன்பது நாள்.

"இது எங்க இருந்துச்சும்மா இத்தினி நாளு?" என்று கேட்டார்.

"மாடத்துல" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். அந்த ஊரில் போஸ்டாபீஸ் என்பது மேல்வீட்டுக்காரர் வீட்டின் முன்னறை. அவர்தான் போஸ்ட்மாஸ்டர். நிலபுலன் உள்ளவர், அந்த வேலை அவருக்கு ஒரு கௌரவம். தபால் கொடுக்கிற ஆள் ஊர்த் தெருக்களுக்கு வீடு வீடாகப் போவார், சேரிக்கு வரமாட்டார். சேரிக் கடிதங்களை மேல்வீட்டு மாட்டுக்கொட்டகையின் பின்சுவரில் விளக்கு வைக்கிற மாதிரி இருந்த ஒரு மாடத்தில் வைத்துவிடுவார். சாணி வாரப் போகிற எட்டியப்பனின் தங்கச்சி சாணிக் கூடையோடு அதையும் எடுத்து வருவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கடிதம் வராது, மழை பெய்தால் நனைந்து வரும். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. செகரட்ரி அமைதியாகச் சகுந்தலாவிடம், அடுத்த கார்டு தப்பாமல் வர ஒரு வழி சொன்னார். எங்கள் அலுவலக முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும், கார்டு இங்கே வந்துவிடும், நாங்களே கொண்டுவந்து கொடுக்கிறோம் என்றார். நல்ல யோசனைதான். நானாக இருந்தால் கும்பிட்டு ஒப்புக்கொண்டிருப்பேன்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"என் பேருக்கு வர்ற காயிதம் என் வூட்டுக்கு வரணும் சார். இந்த தபா உங்க வூட்டுக்கு வரும். அப்பறம் எங்க சேரில மத்தவங்களுக்கு வர்றது எங்க போவும்?"

 செகரட்ரி அலமாரியில் ஒரு காலி அறையைக் காட்டி, இது உன் கேசுக்கு என்றார். அடுத்த கார்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்குள் அந்த மாடத்தை மூட வேண்டும். மூட முடியாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். எங்களுக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

தபால்காரர் மூளை என்பதை அப்போதுதான் பார்த்தேன். அவர் வகுத்த முறை இது. சேரியில் ஆறு வீடுகளுக்கு நாங்களே கார்டு போடுவோம். தாமலில் ஒன்று, பழையசீவரத்தில் ஒன்று, உத்திரமேரூரில் ஒன்று என்று வெவ்வேறு பெட்டிகளில், வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு மையில். உள்ளே சொந்தக்காரர் எழுதுகிற மாதிரி நாலு வரி இருக்கும்: இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல், மழை பெய்ததா, இப்படி. கார்டு கைக்கு வந்த அன்றே சகுந்தலா அதன் ஓரத்தில் தேதி எழுதி, பக்கத்து வீட்டில் ஒருவரைச் சாட்சிக்குக் கைநாட்டு வைக்கச் சொல்வாள். முத்திரைத் தேதிக்கும் அவள் எழுதுகிற தேதிக்கும் நடுவில் இருக்கிற நாட்கள்தான் எங்கள் ஆதாரம். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. கார்டுகள் நாலு நாள், ஆறு நாள், ஒரு தடவை எட்டு நாள் என்று மாடத்தில் தூங்கிவிட்டு வந்தன. நாலாவது வாரம் செகரட்ரிக்கு முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். கார்டுகளை என்னையே எழுதச் சொல்லி அனுப்பினார். எழுதினேன், பழையசீவரம் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டும் வந்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் சகுந்தலா வந்தாள், முகம் வெளிறியிருந்தது. நடந்ததைச் சொன்னாள். மேல்வீட்டுக்காரர் ஆறு கார்டுகளையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாராம். ஏரோடு போய்க்கொண்டிருந்த எட்டியப்பனை நிறுத்தினாராம்.

"இன்னாடா எட்டியப்பா, உனக்கு உயர்திரு போட்டு எவன்டா எழுதறான்? அவர்கள் வேற போட்டுக்கீறான். நீ எப்படா அவர்கள் ஆன?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். 'உயர்திரு எ. எட்டியப்பன் அவர்கள்'. ஆறு கார்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன், ஆறு பெயருக்கும். அந்த ஊருக்கு அதுவரை வந்த எந்தக் கடிதத்திலும் சேரிக்காரர் ஒருவர் பெயருக்கு முன்னால் அப்படி ஒரு சொல் இருந்ததில்லை. பிள்ளையே அப்பனுக்கு எழுதினாலும் முகவரியில் வெறும் பெயர், கீழே 'காலனி' என்றுதான் இருக்கும். செகரட்ரியும் மற்றவர்களும் அதைத் தெரிந்து வெறும் பெயர்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. வேண்டுமென்று எழுதியிருந்தாலாவது வீரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்து நாள் பயிற்சி கையில் ஏறிவிட்டிருந்தது, கை தானாக எழுதிவிட்டது.

ஒரே கையெழுத்தில் ஆறு உயர்திருவைப் பார்த்ததும் மேல்வீட்டுக்காரருக்குச் சூது புரிந்துவிட்டது. கார்டைத் தெருவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்துக் காட்டினாராம். "மய பெஞ்சுதான்னு கேக்கறாண்டா உயர்திருவ" என்றதும் எல்லாரும் சிரித்தார்களாம். எட்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். சிரிப்பு அடங்கினதும், "எனக்கு வந்த காயிதம்னா குட்த்துடுங்க" என்றிருக்கிறார். அவர் வாயிலிருந்து அந்தத் தெருவில் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கார்டு தரையில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் அந்த ஆறு வீட்டுக்காரர்களையும் நடவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செகரட்ரி வீட்டுக்குப் போய் அவர் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். "தேதி இன்னா?" என்றார். சொன்னேன். 

"மரியாதைய நேர்ல குடு ராயப்பா. கார்டுல குட்த்து அவங்கள ஏன் மாட்டி வுடற?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. தடியை எடுத்துக்கொண்டு, வீங்கின காலோடு என்னுடன் பஸ் ஏறினார். வரப்பில் அவர் நடந்த நடையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சேரியில் எல்லாரையும் கூட்டி, "தப்பு எங்களுது" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்காக அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு அம்மா எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "உங்களுக்கு இன்னா, எய்திட்டு பஸ் ஏறிடுவீங்க. அடுப்புல பூன பட்த்துக்கினு கீது. நாங்க இன்னாத்த துன்றது?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.  பிறகு செகரட்ரி இரண்டு வழியையும் சொன்னார். இத்தோடு விட்டுவிடலாம், மேல்வீட்டுக்காரர் கோபம் தணிந்து வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார். இல்லையென்றால் கையில் இருக்கிற கார்டுகளை வைத்துத் தபால் இன்ஸ்பெக்டருக்கு மனு கொடுக்கலாம், கோபம் இன்னும் ஏறும். அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து சொன்னால் போதும் என்றார். மனு விஷயத்தில் அது அவர் வைத்திருந்த விதி. அன்று சொல்கிற 'சரி'யை அவர் எடுத்துக்கொள்ளவே மாட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எட்டியப்பனே வந்தார். நின்றுகொண்டே, "எய்துங்க" என்றார். ஆறு வீட்டுக் கைநாட்டும் வந்தது. எங்களைத் திட்டின அந்த அம்மாவுடையதும் அதில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளும் ஆறு வீட்டுக்காரர்கள் விடிகிறதற்கு முன்னால் எழுந்து மாகறல் பக்கம் நடந்து போய்க் கூலி வேலை பார்த்தார்கள். சகுந்தலா தினமும் தன் அத்தையோடு மாட்டுக்கொட்டகைப் பின்பக்கம் போய் மாடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். தகவல் சொல்ல அவள் பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம், கார்டு வந்து நாள் தாண்டியிருக்குமோ என்று முதலில் அவள் கையைத்தான் பார்ப்பேன்.

விசாரணை அன்று இன்ஸ்பெக்டர் அந்த முன்னறையில், அரக்கும் முத்திரையும் தராசும் இருந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். மேல்வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். நானும் செகரட்ரியும் ஓரமாக நின்றோம். சேரிக்காரர்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேலியோரம் நின்றார்கள்.

"புகார் குட்த்தவங்கள்ல ஒருத்தர் உள்ள வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

யாரும் அசையவில்லை.

"அவங்க உள்ள வரமாட்டாங்க சார். அவங்களுக்கே தெரியும். இது வூடு சார்" என்றார் மேல்வீட்டுக்காரர். குரலில் கோபம் இல்லை. வெயில் காய்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

செகரட்ரி தடியை ஊன்றி வாசற்படிக்குப் போய் மேலே மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். "போஸ்டாபீஸ்னு போட்டுக்கீது சார். ஒண்ணு, பலகைய கயட்டிடலாம். இல்ல, ஆள உள்ள வுட்டுடலாம். எது சௌகரியம்னு அவரையே சொல்ல சொல்லுங்க" என்றார்.

அப்போது எட்டியப்பன் தெருவைக் கடந்தார். வாழ்நாள் முழுக்க அந்த வாசலைத் தாண்டும்போது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிற மனிதர். அன்றும் கை பழக்கத்தில் துண்டுக்குப் போனது. எடுத்தார். ஆனால் இடுப்பில் கட்டவில்லை. அதன் முனையில் முடிந்து வைத்திருந்த எதையோ அவிழ்த்துக்கொண்டே படியேறி உள்ளே வந்தார். 

"பேர் என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர், எழுதத் தயாராகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு.

எட்டியப்பன் நாலாக மடித்த கார்டை மேசைமேல் வைத்தார். "பேரு இதுல கீது சார்."

இன்ஸ்பெக்டர் அதைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். "உயர்திரு எ. எட்டியப்பன் அவர்கள்." அந்த ஊரில் அந்தச் சொற்களை இரண்டாம் தடவையாக ஒருவர் படிக்கிறார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. படித்துவிட்டு நிமிர்ந்தவர், "உங்களுக்குத் தபால் எப்படி வருதுங்க?" என்று கேட்டார். அவரே கவனித்தாரோ இல்லையோ, அதற்கப்புறம் விசாரணை முடிகிறவரை எட்டியப்பனிடம் அவர் 'நீங்க' என்றுதான் பேசினார்.

"மாட்டுக்கொட்டாய் மாடத்துல வருதுங்க. என் தங்கச்சி சாணி வார போவசொல்ல எட்த்தாருவா. அவ போவலன்னா வராது." அவ்வளவுதான் சொன்னார். செகரட்ரியே எழுதிக் கொடுத்திருந்தாலும் அதைவிடச் சுருக்கமாக இருந்திருக்காது.

மாடத்தைப் பார்க்க எல்லாரும் கொட்டகைக்குப் பின்னால் போனோம். அங்கே மாடத்துக்குப் புதுசாக வெள்ளையடித்து, குங்குமம் வைத்து, ஒரு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இது சாமி மாடம் சார்" என்றார் மேல்வீட்டுக்காரர். எதிரே எருக்குழி. செகரட்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாமி எருக்குழியப் பாத்துக்கினு கீது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனாலும் பயமாகவும் இருந்தது. கார்டுகள் தாமதமானதற்கு நாங்கள் காட்டிய தேதிகள் சேரிக்காரர்களே எழுதிக்கொண்டவை என்று இன்ஸ்பெக்டர் தள்ளிவிடலாம். மாடமும் சாமி மாடமாகிவிட்டது. அந்த நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒருவர் வாயைத் திறந்தார். தபால் கொடுக்கிற ஆள். அவரும் ஊர்க்காரர்தான், மேல்வீட்டு நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிர் வைத்துப் பிழைக்கிறவர்.

"நான்தான் சார் வெப்பேன். இங்க வெக்க சொல்லித்தான் எனக்கு சொன்னது. சாமி முன்னால பொய் சொல்ல சொல்லாதீங்க" என்றார். விளக்கு அவருக்காகத்தான் ஏற்றி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பத்து நாளில் உத்தரவு வந்தது: தபாலைத் தினமும் சேரியில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், முன்னறைக்கு யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். மேல்வீட்டுக்காரருக்கு எழுத்தில் கண்டிப்பு. முதல் நாள் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த ஆள் சேரிக்குள் வந்தபோது எந்த வீடு யாருடையது என்றே அவருக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாகக் கால் மைல் தள்ளி இருந்தவர், ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு நடந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். தயங்கித்தான் வாங்கினார், ஆனால் குடித்தார்.

சகுந்தலாவின் இரண்டாவது கார்டு அந்த மாசமே வந்தது. ஊர் முத்திரை விழுந்த அன்று மத்தியானமே அவள் கையில் இருந்தது. தேர்வுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. செகரட்ரி அந்தக் கார்டை வாங்கி இரண்டு முத்திரையையும் பார்த்தார், அதைத் தன் அலமாரிக்குள் போடாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் அப்படிக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு காகிதம்தான். அவளுக்கு வேலை கிடைத்தது. தட்டச்சராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றாள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். நாற்று காத்திருக்காது என்பதால் ஐந்து வீட்டுக்காரர்களைச் சீக்கிரமே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எட்டியப்பனை மட்டும் கடைசிவரை கூப்பிடவில்லை. உடம்பில் தெம்பு இருந்தவரை அவர் மாகறலுக்கு நடந்தே போனார். என் பேனாவின் பழக்கத்துக்கு அவர் கால்கள் கொடுத்த விலை அது. அதை நான் மறந்ததில்லை, மறக்கக் கூடாது.

போன வாரம் அந்த ஊருக்கு நித்யாவோடு போயிருந்தேன். சேரிக்கு இப்போது சிமெண்ட் ரோடு. மேல்வீட்டு முன்னறையில் செல்போன் கடை, உள்ளே யார் வேண்டுமானாலும் போய் உட்காருகிறார்கள். மனசு நிறைந்து போனது. திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் காலனிப் பெண் ஒருத்தி போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். "மாரியம்மன் கோயில் கிட்ட நில்லுங்க அண்ணா, நானே வந்து பார்சல வாங்கிக்கிறேன்" என்றாள். வீட்டுக்கு வாசல்வரை ரோடு இருக்கிறதே, ஏன் என்று கேட்டேன். "காலனின்னு தெரிஞ்சா ஒரு மாதிரி பாப்பாங்க தாத்தா" என்றாள் சாதாரணமாக. சுவரில் இருந்த மாடத்தைப் பூசி அடைத்துவிட்டோம். மனசுக்குள் இருப்பதை அடைக்க நித்யாவுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது. அவள் செய்வாள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஆதாரம் என்றால் என்னிடம் இன்றைக்கும் ஒன்று இருக்கிறது.

விசாரணை முடிந்து உத்தரவு வந்த பிறகு ஒரு நாள் எட்டியப்பன் அலுவலகத்துக்கு வந்தார். நான் அவருக்கு எதிரே கூசிப்போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். அவர் என்னைப் பார்த்து, "அந்த காயிதம் எய்தினது நீங்கதான?" என்றார். ஆமாம் என்றேன். "பேரு இன்னா?" என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். சாபம் விட்டிருப்பாரோ என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மூன்றாம் நாள் தபாலில் எனக்கு ஒரு கார்டு வந்தது. சகுந்தலாவின் கையெழுத்து, அப்பா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். செகரட்ரியிடம் கற்ற பழக்கத்தில் முதலில் முத்திரைகளைத்தான் பார்த்தேன். முதல் நாள் அவர்கள் ஊர், மறுநாள் உத்திரமேரூர். நடுவில் ஒரு நாள்கூட எங்கும் தூங்கவில்லை. பிறகு உள்ளே படித்தேன். 'உங்கள் கார்டு வந்து சேர்ந்தது. இங்கு அனைவரும் நலம். மழை பெய்ததா என்று கேட்டிருந்தீர்கள். பெய்தது. ஏரி பாதிக்கு மேல் ரொம்பியிருக்கிறது.'

கடைசியில்தான் முகவரியைப் பார்த்தேன். 'உயர்திரு ராயப்பன் அவர்கள்' என்று இருந்தது. அதற்கு முன்னால் எனக்கும் யாரும் அப்படி எழுதினதில்லை.